சாப்பாட்டு வரிசையின் மேல் விழுந்த குரல்

பிப்ரவரி 4, செவ்வாய்

வேலாத்தாளின் வாயில் வேறொருத்தியின் குரலை வைத்துவிட்டார்கள். வைத்த இடம் ரங்கராஜ் அண்ணனின் ஸ்டுடியோ. நான் எடிட்டிங் பார்க்கும் இடம்.

காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போடுவதற்குள் அந்த அம்மாள் வந்து நின்றார். கரட்டுப்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். கையில் போன். அதில் பஞ்சாயத்து போர்டில் ஒட்டியிருந்த காகிதத்தின் படம். கல்குவாரியைப் பெரிதாக்குவது பற்றிப் போன மாதம் ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்ததே, அதன் நடவடிக்கைக் குறிப்பு. யார் யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள் என்று வரிசையாக இருந்தது. கடைசிப் பெயர் அவருடையது. 'திருமதி வேலாத்தாள்: குவாரி வந்தால் வேலை கிடைக்கும். முழு ஆதரவு.'

"நா வேண்டாம்னு சொன்னனுங்க அம்மிணி," என்றார். "ஜில்லா ஆபீசுல போய்க் கேட்டா, வீடியோவப் பாத்துத்தான் எழுதுனோம்னு சொல்றாங்க. வீடியோ எடுத்தது நீங்கதானாமா."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நாங்கள் கொடுத்த ஃபைலைத் திறந்து கடைசிப் பகுதிக்குத் தள்ளினேன். திரையில் வேலாத்தாள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாய் திறக்கிறது. 'குவாரி வந்தா எங்க பொம்பளைகளுக்கு வேலைங்க, முழு ஆதரவுங்க' என்று குரல் வருகிறது.

"இது சரோசினி தொண்டையில்லீங்களா!"

ஆமாம். மகளிர் குழுத் தலைவி சரோஜினி, வேலாத்தாளுக்கு முன்னால் பேசியவர். வீடியோவை ஓடவிட்டேன். வேலாத்தாள் கையிலிருந்து மைக் போகிறது. கூட்டம் முடிகிறது. பந்தலுக்குப் பின்னால் சாப்பாட்டுக்கு ஆட்கள் தட்டோடு நிற்கிறார்கள். அந்த வரிசையின் மேல், யார் வாயிலும் ஒட்டாமல், ஒரு குரல்: 'வெடி வெக்கற நேரத்துக்கெல்லாம் ஊட்ட உட்டு ரோட்டுல வந்து நிக்கறமுங்க. செவுரு பொளந்துபோச்சு. எனக்கு வேண்டாமுங்க.'

அந்த அம்மாள் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"எம்பட தொண்டை சோத்துக்கு வரிசைல நிக்குது பாருங்க."

இது நான் சரிபார்ப்பதற்காகப் போட்ட ஃபைல். குரல் பொருந்தவில்லை என்று அன்றைக்கே அண்ணனிடம் சொன்னேன். "கல்யாண வீடியோவா இது, யாரு உக்காந்து பாக்கப் போறா?" என்றார். குவாரி மேனேஜர் தனபால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆபீசில் கொடுப்பதற்கு அதையே பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 5

காரணம் தெரிந்துவிட்டது. மெஷின் கோளாறு என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

கூட்டம் நடந்த அன்று நல்ல முகூர்த்தம். ஸ்டுடியோவின் கேமராக்கள் எல்லாம் கல்யாணத்துக்குப் போய்விட்டன. கூட்டத்துக்கு ஒரு செல்போனை ஸ்டாண்டில் மாட்டி அனுப்பினார் அண்ணன். சத்தத்தை மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து தனியாக ஒரு ரெக்கார்டரில் பிடித்தார்கள். செல்போன் சீராகப் படம் எடுக்காது. சூடேறினாலோ வெளிச்சம் குறைந்தாலோ விநாடிக்கு எடுக்கும் ஃபிரேம்களை, அதாவது தனித்தனிப் படங்களை, குறைத்துக்கொள்ளும். ரெக்கார்டருக்கு அந்தப் பழக்கம் இல்லை. எடிட்டிங் மென்பொருளோ எல்லா விநாடியிலும் ஒரே அளவு ஃபிரேம் இருப்பதாக நினைத்து அடுக்கிக்கொண்டே போகிறது. ஆரம்பத்தில் வித்தியாசம் தெரியாது. மூன்று மணி நேரக் கூட்டத்தின் கடைசியில் படம் முன்னால் ஓடிவிட, குரல் அரை நிமிடம் பின்னால் வருகிறது.

நீளமாகப் பேசியவர்களுக்கு இதனால் நஷ்டமில்லை. அவர்கள் குரல் பெரும்பாலும் அவர்கள் முகத்தின் மேலேயே விழுந்திருக்கிறது. வேலாத்தாளைப் பேச விட்டதே அரை நிமிடம்தான்.

இதில் எங்கள் தொழில் புத்தியும் சேர்ந்துகொண்டது. கல்யாண வீடியோவில் யார் பேச்சும் இருக்காது. தாலி கட்டும்போது மேளம், மற்றதற்கெல்லாம் சினிமாப் பாட்டு. பெண்ணின் அம்மா அழுதால் அதற்கும் ஒரு பாட்டு. நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒருவருடைய உதட்டையும் குரலையும் பொருத்திப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆனால் பெயர் போடுவதில் குறை வைக்க மாட்டோம். தாய்மாமன், சித்தப்பா என்று பூ டிசைனில் போடுவோமே, அதே போல இதிலும் முகம் பார்த்து முகத்துக்குக் கீழே பெயர் போட்டிருக்கிறது. ஆபீசில் அந்தப் பெயரைப் பார்த்து, காதில் விழுந்ததை எழுதிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். லோகு, என் கூடப் பிறந்தவன். குவாரியில் டிப்பர் ஓட்டுகிறான்.

"உன்ற வேலை பொட்டி தட்டறது. தட்டீட்டு வா," என்றான். 

மாவு புளித்துவிட்டது. தோசை கல்லில் ஒட்டியது.

பிப்ரவரி 6

ரங்கராஜ் அண்ணனிடம் பேசினேன்.

"சரி பண்ணிப் புது ஃபைல் போட்டுத் தர்றனுங்கண்ணா. ஆபீசுல குடுத்துரலாம்."

"குடுத்தது குடுத்ததுதான். இப்பப் போயித் தப்புன்னு சொன்னா யாரு பேரு கெடும்? கடை பேரு."

"இப்பக் கெட்டிருக்கறது அந்தம்மா பேருங்கண்ணா."

"அந்தம்மா என்ன எலெக்சன்லயா நிக்கறாங்க?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு குரலை இறக்கினார். "மாசில குவாரிக்காரரு ஊட்டுக் கல்யாணம். ட்ரோனு, கிரேனு, லைவு, எல்லாம் நம்முளுது. அப்பறம், உங்கண்ணன் யாரு வண்டிய ஓட்டறான்னு நெனப்பு இருக்குதா?"

இருக்கிறது. அதனால் என்ன என்று கேட்டேன். அவர் டீ சொல்லப் போய்விட்டார்.

பிப்ரவரி 7

கேட்காமலேயே செய்தேன். கல்யாண வேலையை மதியத்துக்குள் முடித்துவிட்டு, செல்போன் படத்தை முதலில் சீரான ஃபிரேமுக்கு மாற்றினேன். குரலைப் பொருத்த ஓர் இடம் வேண்டும். கூட்டம் நடத்திய அதிகாரி மைக்கை விரலால் தட்டும் இடம் ஆரம்பத்துக்கு உதவியது. கடைசிக்கு? தேடினேன். வேலாத்தாள் பேசும்போது குறுக்கே ஒரு கை வருகிறது. மோதிரம் போட்ட கை. மைக்கைப் பிடுங்குகிறது. ரெக்கார்டரில் அதே இடத்தில் 'கர்ர்' என்று ஒரு சத்தம். கையையும் சத்தத்தையும் ஒரே ஃபிரேமில் வைத்தேன். எல்லோருடைய வாயும் குரலும் பொருந்திவிட்டன.

கை தனபாலுடையது.

முழுசையும் புது ஃபைலாக எக்ஸ்போர்ட் போட்டால் பாதியில் நின்றது. மறுபடி போட்டேன். முடிந்தது, ஆனால் நடுவில் முகங்களெல்லாம் பச்சைத் திட்டு. டிரைவர் மென்பொருளை மாற்றிப் பார்த்தேன், பழைய தற்காலிக ஃபைல்களை அழித்துப் பார்த்தேன். கடைசியில் கிராபிக்ஸ் கார்டு சூடாகித் திணறுகிறது என்று புரிந்தது. கேபினெட்டின் மூடியைக் கழற்றி மேசை ஃபேனை அதற்குள் திருப்பி வைத்தேன். கார்டை நம்பாமல் பிராசசரை மட்டும் வைத்து எக்ஸ்போர்ட் செய்யும்படி மாற்றினேன். ஆமை வேகம். ஆனால் திட்டு இல்லை.

என் சொந்த ஹார்டு டிஸ்கில் எல்லாவற்றையும் காப்பி எடுத்துக்கொண்டேன். செல்போன் படம், ரெக்கார்டர் சத்தம், புது ஃபைல், எல்லாம். திருட்டு என்றால் திருட்டு.

லோகு இன்று வீட்டில் இருந்தான். வண்டி சர்வீசுக்குப் போயிருக்கிறதாம்.

பிப்ரவரி 8

பூப்பு நன்னீராட்டு விழா வீடியோ. ரோஸ் கலர் எழுத்து, பறக்கிற பட்டாம்பூச்சி. தலைவலி.

பிப்ரவரி 10, திங்கள்

வேலாத்தாளும் நானும் மாவட்ட ஆபீசுக்குப் போனோம். அந்தக் குறிப்பை டைப் செய்தவர் சிவநேசன் என்பவர். மோசமான ஆள் இல்லை. எதிரில் நிற்பவர்களை உட்காரச் சொல்லாத ஆள், அவ்வளவுதான். புது ஃபைல் இருந்த பென் டிரைவை நீட்டினேன்.

"பென் டிரைவெல்லாம் சிஸ்டத்துல போடக் கூடாதும்மா. வைரஸ். டிவிடில கொண்டாங்க."

"முன்ன வந்தது பென் டிரைவுதானுங்களே சார்?"

"அது கம்பெனி குடுத்தது."

வேலாத்தாள் கேட்டார்: "கம்பெனிக்காரங்களுக்கு வைரசு வராதுங்களா?"

சிவநேசன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஃபைலைப் புரட்டினார். அடுத்த வாரம் குறிப்பு மேலே போய்விடும் என்றார். அதற்குப் பிறகு அவர் கையில் எதுவும் இல்லையாம். குவாரிக்கு அனுமதி கொடுப்பவர்கள் பார்க்கப்போவது அந்தக் குறிப்பை மட்டும்தான்.

பஸ்ஸில் வரும்போது வேலாத்தாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தார். கரட்டுப்பட்டி விலக்கில் இறங்கும்போது, "இவத்திக்கிருந்து பாத்தா தெரியுது பாருங்க," என்று மலையைக் காட்டினார். பாதி மலைதான் இருக்கிறது. இரண்டாவது பாதிக்குத்தான் கூட்டம் போட்டிருக்கிறார்கள். அதன் அடிவாரத்தில்தான் இவர் வீடு.

பிப்ரவரி 11

மூன்று மணி நேரத்தை ஒரு டிவிடிக்குள் அடைக்க வேண்டும் என்றால் பிட்ரேட்டைக் குறைக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு விநாடிக்கும் கொடுக்கிற தகவலின் அளவைக் குறைப்பது. இடத்துக்குத் தகுந்தாற்போல மென்பொருளே பங்கு போட்டுக்கொள்ளும் ஓர் அமைப்பு இருக்கிறது. அதை வைத்து ஒன்று போட்டேன். போட்டுப் பார்த்தால் சாப்பாட்டு வரிசை பளிச்சென்று இருக்கிறது. தட்டில் இருக்கும் வெங்காயப் பச்சடி கூடத் தெரிகிறது. வேலாத்தாள் முகம் மட்டும் கட்டம் கட்டமாகக் கலைந்திருக்கிறது.

ஏனென்றால் அந்த அமைப்பு அசைவைப் பார்த்துத்தான் பங்கு போடும். முண்டியடிப்பவர்களுக்கு அதிகம். ஒரே இடத்தில் நின்று பேசுகிறவருக்கு இருக்கிற கொஞ்சத்தில் மிச்சம். மென்பொருளை எழுதியவன் எந்த ஊர்க்காரனோ. எங்கள் ஊர் ரேஷன் கடையில் நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பான் போல.

சாப்பாட்டுக் காட்சியை வெட்டிவிட்டால் வேலை சுலபமாக முடியும். வெட்டவில்லை. வெட்டினால், 'எடிட் பண்ணியிருக்கிறாய்' என்பார்கள். எல்லா விநாடிக்கும் சம பங்கு என்று மாற்றி, இரண்டு டிவிடியாகப் பிரித்து எழுதினேன். எல்லோர் முகமும் சுமாராகத் தெரிகிறது. எல்லோருக்கும் ஒரே சுமார்.

பிப்ரவரி 12

வேலை போய்விட்டது. டிவிடி எழுதும்போது தனபால் கடைக்கு வந்து பார்த்திருக்கிறார். காலையில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ரங்கராஜ் அண்ணன் வெளியே வந்துவிட்டார்.

"நீ நல்ல எடிட்டருதான் மேகலா. நா இல்லீன்னு சொல்லல."

"அப்பறம் என்னங்கண்ணா?"

"அந்தக் கூட்டத்து ஃபைலெல்லாம் அழிச்சுட்டேன். ரெக்கார்டர் கார்டையும் ஃபார்மட் பண்ணியாச்சு, நாளைக்கு முகூர்த்தத்துக்கு வேணும்ல. உங்கிட்ட ஏதாச்சும் இருந்தா அழிச்சிரு. உன்ற நல்லதுக்குத்தான்."

என் கண்ணைப் பார்த்து அவர் அதைச் சொல்லியிருந்தால் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். என் தண்ணீர் பாட்டிலையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு வந்தேன். ஹெட்போன் என்னுடையது.

வீட்டில் லோகு ரசம் வைத்திருந்தான். நன்றாக இருந்தது. அவன் பகலில் சமைத்து நான் பார்த்ததே இல்லை. வண்டி இன்னும் சர்வீசிலேயே இருக்கிறதாம். டிப்பரின் சாவி எப்போதும் தொங்கும் ஆணியில் அவன் துண்டு தொங்கியது. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது, சர்வீஸ் என்றால் நாளாகத்தான் செய்யும்.

பிப்ரவரி 13

டிவிடியைக் கொண்டுபோனோம். சிவநேசன் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் தடவினார். பிறகு அடுத்த மேசைக்காரரிடம் கேட்டார்.

"சார், உங்க சிஸ்டத்துல டிவிடி போடற ஓட்டை இருக்குதா?"

"இப்ப வர்ற எதுலயும் இல்லீங்களே."

அந்த ஆபீசில் ஒரு டிவிடி டிரைவ் கூட இல்லை. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வேண்டியதில்லை. வேலாத்தாள் என் கையைப் பிடித்து, "இரு கண்ணு, அவரு வேற வழி சொல்லுவாரு," என்றார். சொன்னார். மெயிலில் அனுப்ப வேண்டுமாம். மெயிலில் போகிற அளவு மூன்று மணி நேரத்தில் ஒரு சொட்டுக்குக் கூடக் காணாது.

பிப்ரவரி 14

பிரவுசிங் சென்டரில் என் ஹார்டு டிஸ்கைச் செருகி, வேலாத்தாள் பேசும் பகுதியை மட்டும் தனியாக எடுத்தேன். இருக்கிற அளவு முழுவதையும் அவருக்கே கொடுத்தேன். மூக்குத்தியின் கல் தெரிகிறது. கழுத்து நரம்பு தெரிகிறது. அனுப்பினேன்.

சாயங்காலம் பதில் வந்தது. ஒரே வரி. 'முழுமையற்ற, எடிட் செய்யப்பட்ட காணொலித் துண்டுகளை ஏற்க இயலாது.'

முழுசாகக் கொடுத்தால் பெரியது. சின்னதாகக் கொடுத்தால் துண்டு. கம்பெனி கொடுத்தால் மட்டும் வீடியோ.

பிப்ரவரி 15

பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பைப் பரணிலிருந்து இறக்கினேன். பேட்டரி செத்துவிட்டது. ஒயர் செருகினால் ஓடும். திங்கட்கிழமை ஆபீசில் குறைதீர் நாள். பெரிய அதிகாரியே உட்காருவார். இதைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேசையிலேயே வைத்து ஓட்டப்போகிறேன். டிரைவும் வேண்டாம், மெயிலும் வேண்டாம்.

முழு ஃபைலைப் போட்டால் லேப்டாப் திக்குகிறது. வேலாத்தாள் வாய் திறந்தபடி உறைந்துபோகிறார். இந்தக் கிழட்டு மெஷின் தாங்கும் அளவுக்குப் படத்தின் அகலத்தைக் குறைத்து மறுபடி எக்ஸ்போர்ட். முகம் தெரிய வேண்டும், குரல் பொருந்த வேண்டும், நிற்காமல் ஓட வேண்டும். மூன்றில் இரண்டுதான் கிடைக்கிறது. மறுபடி.

பிப்ரவரி 16, ஞாயிறு

கிடைத்துவிட்டது. மூன்றும்.

முழுசாகப் போட்டுப் பார்த்தேன். லோகு பின்னால் வந்து நின்றான். தனபாலின் கை மைக்கைப் பிடுங்கும் இடத்தில், "மறுக்காப் போடு," என்றான். போட்டேன். "மறுக்கா." போட்டேன். பிறகு வெளியே போய் பைக்கைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த பைக்.

பிப்ரவரி 17, திங்கள்

காலையில் என் பைக்குள் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தது. நான் வைக்கவில்லை. லோகு பைக்கில் கொண்டுபோய் விட்டான். குவாரி வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம். சுற்றிப் போனான்.

வேலாத்தாள் எங்களுக்கு முன்னாலேயே வந்து வரிசையில் நின்றிருந்தார். உள்ளே நீளமான மேசை. நடுவில் அதிகாரி, சுற்றி ஒவ்வொரு துறை ஆட்கள். சிவநேசன் ஓரத்தில் நின்றார். எங்களைப் பார்த்ததும் தரையைப் பார்த்தார். எங்கள் முறை வந்ததும் லேப்டாப்பை அதிகாரி முன்னால் வைத்தேன். பிளக் பாயின்ட்டைத் தேடினேன். ஒன்றுதான் இருந்தது; அதில் குடிதண்ணீர் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு லோகுவின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி மேசை வரை இழுத்தேன்.

"ஏம்மா, ஏம்மா, என்ன பண்றே?"

"வீடியோவப் பாத்துத்தான் எழுதுனோம்னு உங்க ஆபீசுலதானுங்க சார் சொன்னாங்க. கொண்டாந்திருக்கேன்."

கடைசிப் பகுதிக்குத் தள்ளினேன். ஓடியது. நிற்கவில்லை, திக்கவில்லை, பச்சை அடிக்கவில்லை. சரோஜினி பேசினார், அவர் வாயில் அவர் குரல். வேலாத்தாள் மைக்கை வாங்கினார். வெடி, ரோடு, பிளந்த சுவர், வேண்டாம். எல்லாம் அவர் வாயிலிருந்தே வந்தது. பிறகு அந்தக் கை. மேசையைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இத்தனை நாள் நான் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியது இந்த அரை நிமிடத்துக்குத்தான்.

அதிகாரி லேப்டாப்பை விரலால் லேசாகத் தள்ளினார். தன் முன்னால் இருந்த குறிப்பைப் பார்த்தார்.

"சரிம்மா. இதுதான் ஒரிஜினல்னு யாரு சொல்றது? நீங்க எடிட்டரு. உங்களால எந்தக் கொரலயும் எந்த வாய்லயும் வெக்க முடியும். கம்பெனி குடுத்தது ஒண்ணு, நீங்க குடுக்கறது ஒண்ணு. இத லேபுக்கு அனுப்பணும். ரிப்போர்ட் வரணும். அதுக்குள்ள குறிப்பு மேல போயிரும், அதுக்கு நா என்ன பண்றது?"

என்னிடம் பதில் இருந்தது. ஃபைலின் உள்தகவல், ரெக்கார்டரின் நேரம், செல்போனின் ஃபிரேம் கணக்கு எல்லாம் தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

வேலாத்தாள் கையை நீட்டி லேப்டாப்பை மூடினார். நிதானமாகத்தான் மூடினார், பாத்திரத்துக்குத் தட்டு போடுவது போல. என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு மேசையின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றினார்.

"அவிய வீடியோ பொய்யின்னு வெச்சுக்கங்க. இந்தப் புள்ளை வீடியோவும் பொய்யின்னே வெச்சுக்கங்க. வீடியோவே வேண்டாமுங்க. பேசுனவ நானு, உங்க முன்னாலதான நிக்கறேன். ஆதரவா, இல்லியான்னு எங்கிட்டக் கேளுங்க. ஒரே வார்த்தை. நீங்க கேளுங்க, நா சொல்றேன், அவரு எழுதட்டும்."

தண்ணீர் மிஷினை யாரோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மறுபடி செருகினார்கள். அது உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அதிகாரி சிவநேசனைப் பார்த்தார். சிவநேசன் ஜன்னலைப் பார்த்தார். வரிசையில் பின்னால் நின்றவர் ஒரு அடி முன்னால் வந்தார். வேலாத்தாள் நகரவில்லை. நானும் நகரவில்லை.

"கேளுங்க சார்," என்றார் வேலாத்தாள். "இப்பக் கேளுங்க."